குந்திரிக்க எண்ணெய்

காரைக்காலுக்குத் தெற்கே, திருமலைராயன்பட்டினத்தை அடுத்துள்ள ஊர் போலகம். இவ்வூரை உள்ளிட்ட சோழநாட்டுக் கடற்கரையில், தலைமுழுகிய குழந்தையின் கூந்தலுக்குச் சாம்பிராணிப் புகை காட்டுதல் பழைய வழக்கம். அருகிலுள்ள நாகூர்த் தர்காவிலும் அந்நறும்புகை கமழும். வடக்கே திருக்கடவூரில் வாழ்ந்த குங்கிலியக் கலயரோ, மனைவியின் தாலியைக் கொடுத்து நெல் வாங்கச் சென்றவர், வழியில் குங்கிலிய வணிகனைக் கண்டு நெல்லை மறந்தார் என்று பெரியபுராணம் கூறும். வீட்டில் மக்கள் பசித்திருந்த நாள் அது!

ஆயினும் கடையில் சாம்பிராணி என்று விற்கப்படுவன எல்லாம் ஒரே பொருள் அல்ல. சுமத்திராத் தீவின் மரங்கள் தரும் பிசின் ஒன்று. அத்தீவின் பாரூசில் தமிழ் வணிகர் 1088-ஆம் ஆண்டிலேயே கல்வெட்டுப் பொறித்துள்ளனர். குந்திரிக்கம் வேறு. அது ஓமான், சோமாலியா முதலிய வறண்ட நாடுகளில் வளரும் மரங்களின் பிசின். அவற்றுக்கு இனமான மரம் நம் நாட்டு மலைகளிலும் உண்டு. பட்டையைக் கீறினால் பால்போல் கசிந்து, காற்றுப்பட்டு மணியாக உறையும். 1015-ஆம் ஆண்டில் சோழர் தூதுவர் சீனப் பேரரசருக்கு அளித்த காணிக்கைகளுள் முத்து, யானைத் தந்தம் ஆகியவற்றோடு குந்திரிக்கமும் இருந்தது.

இப்பிசினை வாலையில் இட்டு நீராவியைச் செலுத்தினால், எளிதில் ஆவியாகும் மணப்பொருள்கள் அதனுடன் மேலெழும். குளிர்ந்தபின் எண்ணெயாகி நீரின்மேல் மிதக்கும். முதலில் எலுமிச்சைத் தோலையும், பின்னர் பைன் மரத்தையும், நெடுநேரம் சென்றபின் இனிய பிசினையும் நினைவூட்டும் மணம் இதற்குண்டு. கோயிற்புகையின் மணத்தை இதில் எதிர்பார்ப்பவர் ஏமாறுவர். எரிதலால் பிறக்கும் மணம் எண்ணெயில் இல்லை.

அத்தர், சோப்பு, ஊதுவத்தி ஆகியவற்றில் இவ்வெண்ணெய் பயன்படுகின்றது. மூட்டுவலியைத் தணிக்குமா என்று ஆராயப்பட்டுவரும் பாஸ்வெல்லிக் அமிலங்கள் பிசினில் உள்ளன. அவை கனமானவை, நீராவியோடு எழுவதில்லை. ஆகவே, பிசினுக்குச் சொல்லப்படும் மருத்துவக் குணங்களை எண்ணெய்க்கும் ஏற்றிக் கூறுதல் பொருந்தாது. இதனை அருந்தலாகாது, தோலில் தடவுவதாயின் தேங்காயெண்ணெயில் சில துளிகளே கலத்தல் வேண்டும்.

விற்பனை பெருகப் பெருக மரத்தின்மேல் விழும் கீறல்களும் பெருகுகின்றன. எரித்திரியாவில் நிகழ்ந்த ஓர் ஆய்வில், கீறாத மரங்களின் விதைகளில் நூற்றுக்கு 80-க்கு மேல் முளைத்தன. மிகுதியாகக் கீறிய மரங்களின் விதைகளில் 16 மட்டுமே முளைத்தன. பிசினுக்கே சத்தைச் செலவிட்ட மரத்துக்கு, விதையை ஊட்டி வளர்க்கப் போதிய சத்து எஞ்சுவதில்லை.