எஸ்கோம் சிற்றாலயம்

இங்கிலாந்தின் வடகிழக்கே, டர்ஹாம் பகுதியில், வியர் ஆற்றை ஒட்டி எஸ்கோம் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. அவ்வூரின் நடுவே, வட்டமான கல்லறைத் தோட்டத்துக்குள் கோபுரமில்லாத ஒரு கற்கட்டடம் நிற்கிறது. தொலைவிலிருந்து காண்போர் அதனைத் தானியக் களஞ்சியம் என்றே எண்ணக்கூடும். ஆனால், அது ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஏறத்தாழ 675ஆம் ஆண்டளவில் எழுப்பப்பட்ட தேவாலயம் என்பது கட்டடக்கலை அறிஞர்களின் கணிப்பாகும்.

கணிப்பு என்று கூறுவதற்குக் காரணம் உண்டு. இதனைக் கட்டியவர் யார் என எந்த ஏடும் உரைக்கவில்லை. அன்று இப்பகுதி நார்தம்பிரியா என்னும் அரசின் கீழ் இருந்தது. அவ்வரசின் ஜாரோ மடத்தில் வாழ்ந்த பீட் என்னும் துறவி, ஆங்கிலேயத் திருச்சபையின் வரலாற்றை 731இல் எழுதி முடித்தார். பல ஆலயங்களைப் பற்றிக் கூறும் அவரும் எஸ்கோமைக் குறிப்பிடவில்லை. ஆகவே, இவ்வாலயத்தின் தொடக்கத்தை அறிய விரும்புவோர் அதன் சுவர்களைத்தான் படிக்க வேண்டும்.

நார்தம்பிரிய மக்கள் அப்போதுதான் கிறித்தவ சமயத்தைத் தழுவியிருந்தனர். அவர்களுடைய வீடுகள் மரத்தால் ஆனவை. கல்லில் கட்டும் தொழில் அவர்களுக்குப் பழக்கமில்லாதது. வேர்மவுத் என்னுமிடத்தில் 674இல் மடம் நிறுவிய பெனடிக்ட் பிஸ்கப், கடல் கடந்து கால் நாட்டிலிருந்து கொத்தர்களை வரவழைத்தார். எஸ்கோமில் பணிபுரிந்த கொத்தர்களுக்குக் கல் வெட்டும் வேலை பெரும்பாலும் மிச்சமாயிற்று. சில கிலோமீட்டர் தொலைவில், பின்செஸ்டரில் உரோமானியர் விட்டுச்சென்ற கோட்டை பாழடைந்து கிடந்தது. வினோவியா என்பது அதன் பழம்பெயர். அக்கோட்டையின் கற்களே ஆலயத்தின் சுவர்களாயின.

இதற்குச் சான்று சுவரிலேயே இருக்கிறது. வடபுறச் சுவரில் ஒரு கல்லில், உரோமானியரின் ஆறாம் படையணியைக் குறிக்கும் இலத்தீன் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. அவை தலைகீழாக உள்ளன! கல்லைப் பதித்த கொத்தருக்கு அவ்வெழுத்துகளைப் படிக்கத் தெரியவில்லை போலும். தெரிந்தும் பொருட்படுத்தாமல் விட்டிருக்கவும் கூடும். பேரரசின் பெருமைக்காகப் பொறித்த எழுத்து, வெறும் சுவர்க்கல்லாகிப் பதின்மூன்று நூற்றாண்டுகள் கடந்துவிட்டன.

ஆலயம் இரு பகுதிகளை உடையது. மக்கள் கூடும் நீண்ட கூடம் ஒன்று. அதன் கிழக்கே, பலிபீடம் உள்ள சிறிய சதுர அறை மற்றொன்று. கூடத்தின் நீளம் 43½ அடி, அகலம் 14½ அடி. நீளம் அகலத்தைப் போல் மூன்று மடங்காக இருப்பதைக் கணக்கிட்டுக் காணலாம். சுவர்களோ ஏறத்தாழ 23 அடி உயரம். இத்தனை ஒடுங்கிய அறைக்கு இவ்வளவு உயரம் இருப்பதால், உள்ளே நுழைவோரின் கண் தானாகவே மேல்நோக்கிச் செல்லும்.

பழைய சாளரங்கள் ஐந்தே. அவை மிகச் சிறியவை. சுவரின் உச்சிக்கு அருகில் உள்ளவை. வடபுறத்து இரண்டின் தலை தட்டையாகவும் தென்புறத்து இரண்டின் தலை வளைவாகவும் அமைந்துள்ளன. ஒவ்வொரு சாளரமும் வெளிப்புறம் குறுகி உட்புறம் விரிந்திருக்கிறது. குளிர்காற்று நுழையும் வழி சிறிதாக இருக்க வேண்டும். நுழையும் சிறிதளவு ஒளியோ அறை முழுதும் பரவ வேண்டும். இவ்விரு தேவைகளையும் ஒருசேர நிறைவேற்றும் எளிய உத்தி இது.

கூடத்தையும் பலிபீட அறையையும் இணைக்கும் வில்வளைவே இவ்வாலயத்தின் அழகுமிக்க உறுப்பு. அதன் கற்கள் ஒரே அளவாகச் சீராகச் செதுக்கப்பட்டவை. உரோமானியக் கட்டடம் ஒன்றில் இருந்த வளைவைப் பிரித்து, இங்கே மீண்டும் பொருத்தியிருக்கலாம் என அறிஞர் கருதுகின்றனர். வளைவைத் தாங்கும் இருபுறத்துக் கற்களில் ஒன்று நெட்டாக நிற்க, அடுத்தது படுக்கையாகக் கிடக்கிறது. கிடக்கும் கல் சுவருக்குள் ஊடுருவி, நிற்கும் கல்லை அசையாமல் பிணைக்கிறது. இம்முறையைக் கட்டடக்கலை நூலோர் எஸ்கோம் முறை என்றே வழங்குகின்றனர். சிற்றூரின் பெயர் நூல்களில் நிலைத்தது இவ்வாறுதான்.

தென்புறச் சுவரின் உயரத்தில் ஒரு சூரியக் கடிகாரம் உள்ளது. அதில் இருப்பவை மூன்று கோடுகள் மட்டுமே. மணியும் நிமிடமும் அக்கால மக்களுக்குத் தேவைப்படவில்லை. வழிபாட்டு வேளை தெரிந்தால் போதும். கல்லறைத் தோட்டம் வட்டமாக இருப்பதால், கிறித்தவத்துக்கு முன்பே இது புனித இடமாக இருந்தது என்பாரும் உளர். வட்டம் ஒன்றை மட்டும் சான்றாகக் கொண்டு அவ்வளவு தொலைவு செல்லத் தேவையில்லை.

செல்வம் மிக்க ஊர்களில் பழைய ஆலயங்களை இடித்துப் பெரிதாகக் கட்டினர். எஸ்கோமிலோ, ஒளி வேண்டிச் சில பெரிய சாளரங்களைத் திறந்ததும், நுழைவாயிலில் ஒரு மண்டபம் சேர்த்ததும் தவிரப் பெரிய மாற்றம் நிகழவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுற்றுப்புறத்தில் நிலக்கரிச் சுரங்கங்கள் பெருகின, மக்கள்தொகை உயர்ந்தது. இடம் போதாமையால் 1863இல் மேட்டு நிலத்தில் புதிய ஆலயம் கட்டப்பட்டது. பழைய ஆலயம் கைவிடப்பட்டது. கூரை சிதைந்து, மழை உள்ளே இறங்கியது.

அந்நிலை நீடித்திருந்தால் அக்கற்கள் மூன்றாம் முறையாக வேறொரு சுவருக்குச் சென்றிருக்கும். 1870களின் இறுதியில், பின்செஸ்டர் கோட்டையை அகழ்ந்து ஆராய்ந்த ஹூப்பல் என்னும் மதகுரு, இவ்வாலயத்தின் பழமையை உணர்ந்து அறிஞருக்கு எடுத்துரைத்தார். நிதி திரட்டப்பட்டது, 1880ஆம் ஆண்டளவில் ஆலயம் செப்பனிடப்பட்டது. மேட்டில் எழுந்த புதிய ஆலயமோ 1971இல் இடிக்கப்பட்டது. ஊரார் பழைய ஆலயத்துக்கே திரும்பினர். அதன் சாவி நெடுங்காலமாக அண்டை வீட்டுச் சுவரில் ஒரு கொக்கியில் தொங்கியது. காண வருவோர் தாமே எடுத்துத் திறந்து, பார்த்தபின் பூட்டி, மீண்டும் மாட்டிச் செல்வர்.

சொற்பொருள்
களஞ்சியம் – தானியம் சேர்த்துவைக்கும் இடம். கொத்தர் – கல், சுண்ணாம்பு கொண்டு கட்டுவோர். சாளரம் – சன்னல். பாழடைந்து – கவனிப்பாரின்றிச் சிதைந்து

வினாக்கள்
1. எஸ்கோம் ஆலயச் சுவரில் எழுத்துகள் தலைகீழாக இருப்பதிலிருந்து நாம் அறிவன யாவை?
2. சாளரங்கள் வெளியே குறுகியும் உள்ளே விரிந்தும் இருப்பது ஏன்? படம் வரைந்து விளக்குக.
3. நீ வாழும் ஊரிலுள்ள பழைய கட்டடம் ஒன்றின் சுவரை உற்றுநோக்கி, கண்டவற்றைப் பத்து வரிகளில் எழுதுக.