வெற்றியாளரிடம் கற்க வேண்டியது எது?

வாழ்வில் உயர்ந்தோரின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் நம் உள்ளம் பூரிக்கிறது. நாமும் அவர்போல் ஆகவேண்டும் என்று உறுதி கொள்கிறோம். ஆனால் இரண்டே நாளில் அவ்வுறுதி ஆறிவிடுகிறது. காரணம் என்ன? அவர்கள் அடைந்த இடத்தைப் பார்க்கிறோம். நடந்த வழியைப் பார்ப்பதில்லை.

எங்கள் நெய்க்காரப்பட்டிப் பக்கம் கரும்பு விளையும் பூமி. கட்டிய வெல்லத்தைக் கையில் வைத்துப் பார்த்து யாரும் வெல்லம் காய்ச்சக் கற்றதில்லை. எப்போது அழுக்கு எடுப்பது, எப்போது தீயைத் தணிப்பது, எந்தப் பதத்தில் பாகை இறக்குவது என்பதைக் கொப்பரையின் அருகே நின்று பார்த்தவரே கற்றார். வெற்றி பெற்றவரிடம் கற்பதும் அவ்வாறே.

இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு விண்வெளி அறிஞர் டாக்டர் கே.சிவன். குமரி மாவட்டத்தில் உழவர் குடும்பத்தில் 1957-ஆம் ஆண்டு பிறந்தவர். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பயின்றவர். தம் குடும்பத்தின் முதல் பட்டதாரி. 2018 முதல் 2022 வரை இஸ்ரோவின் தலைவராக விளங்கினார். இந்தச் சிகரத்தை விட்டுவிட்டு, அவர் நடந்த வழியைக் காண்போம்.

முதலாவது, கிடைத்ததை முழுமையாகச் செய்தல். அவர் விரும்பியது பொறியியல். வீட்டில் வசதி இல்லாமையால் கிடைத்ததோ நாகர்கோவில் இந்துக் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம். கிடைத்த கணிதத்தை அவர் வெறுத்து ஒதுக்கவில்லை. ராக்கெட்டின் பாதையைக் கணக்கிடும் பிற்காலப் பணிக்கு அக்கணிதமே அடித்தளமாயிற்று.

இரண்டாவது, அடுத்த வழியைத் தேடுதல். பட்டம் பெற்றபின் சென்னைக் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர்ந்து, 1980-இல் வானூர்திப் பொறியியல் பட்டம் பெற்றார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மேற்படிப்பு முடித்து, 1982-இல் இஸ்ரோவில் சேர்ந்தார். அப்துல் கலாம் அவர்களும் திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்ற பின்னரே எம்.ஐ.டி.க்குச் சென்றார். மேல்நிலையில் கணிதம் படித்த பி.எஸ்ஸி. பட்டதாரிகள் இன்றும் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர விண்ணப்பிக்கலாம். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. பயில 'ஜாம்' என்னும் நுழைவுத் தேர்வு உண்டு. இவை எனக்கே இவ்வாண்டுதான் தெரிந்தன. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நமக்கு வீட்டில் இவற்றைச் சொல்ல ஆளில்லை. அறிவுக் குறைவால் அன்று, கேளாமையால் மட்டுமே எத்தனை பேர் பாதியில் நின்றுவிடுகிறோம்!

மூன்றாவது, தோல்வியைக் கணக்கெடுத்தல். 2019 செப்டம்பர் 7 அன்று, அவர் தலைவராக இருந்தபோது, சந்திரயான்-2இன் 'விக்ரம்' தரையிறங்கி நிலவை நெருங்குகையில் தொடர்பை இழந்தது. நாடே கலங்கியது. ஆனால் அறிவியலாளர்கள் எங்கே பிழை நேர்ந்தது என ஆராய்ந்தனர். அடுத்த கலத்தின் கால்களை வலுப்படுத்தினர், எரிபொருளைக் கூட்டினர், அரைக் கிலோமீட்டர் சதுரமாக இருந்த இறங்குபரப்பை 4 கிலோமீட்டர் நீளம், 2.4 கிலோமீட்டர் அகலமாக விரித்தனர். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. நாமோ, ஒரு தாளில் தவறிவிட்டால் அந்த வினாத்தாளையே கண்ணில் படாமல் ஒளித்து வைக்கிறோம்! எந்த வினாவில், எந்தப் படியில் பிழைத்தோம் என்று ஆசிரியரிடம் கேட்பதன்றோ முறை?

இங்கு ஒன்றை மறத்தலாகாது. உழைத்த அனைவரும் இஸ்ரோ தலைவர் ஆவதில்லை. காலமும் வாய்ப்பும் கூடிவர வேண்டும். ஆகவே பிறருடைய உயரத்தைக் கொண்டு நம்மை அளக்க வேண்டா. அவருடைய பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, குறிக்கோளை நமதாகவே வைத்துக்கொள்வோம்.

மாணவ நண்பர்களே! வழிகாட்டி தொலைவில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சென்ற ஆண்டு மேற்படிப்புக்குச் சென்ற நம் கல்லூரி அண்ணனோ அக்காவோ போதும். எவ்வாறு விண்ணப்பித்தீர்கள், எங்கே தடுமாறினீர்கள் என்று தயங்காமல் கேட்போம். நாளை நம் தம்பி தங்கையர் வந்து கேட்கும்போது, தெரிந்ததை மறைக்காமல் சொல்வோம்.