வெண்ணெயில் விழுந்த வெள்ளை நூல்

கேள்வி: கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புகளைப் பார்க்க ‘எம்.ஆர்.ஐ. நியூரோகிராஃபி’ எடுக்கச் சொல்கிறார்கள். இது வழக்கமான எம்.ஆர்.ஐ.தானா? எம்.ஆர்.ஐ.யைக் கண்டுபிடித்தவர்களே இதையும் கண்டுபிடித்தார்களா?

பதில்: இயந்திரம் அதேதான், படம்தான் வேறு. கண்டுபிடித்தவர்களும் வேறு. எம்.ஆர்.ஐ. என்றால் எதையும் காட்டிவிடும் என்று நினைத்துப் பழகிவிட்டோம். ஆனால் இந்த நரம்புகளைப் பொறுத்தவரை, காட்டும் திறன் வந்த பிறகும் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. சுற்றியிருப்பதை எல்லாம் மறைக்கும் திறன் வந்த பிறகுதான் நரம்பு தெரிந்தது. அந்த மறைக்கும் வித்தையையே இதன் பிறப்பாகக் கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். கழுத்துத் தண்டுவடத்தின் ஐந்து, ஆறு, ஏழு, எட்டாம் நரம்பு வேர்களும் நெஞ்சுப் பகுதியின் முதல் வேரும் வெளியே வந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, பிரிந்து, மறுபடி சேர்ந்து, காறை எலும்புக்கு அடியில் புகுந்து அக்குளுக்குப் போகின்றன. டாக்டர்கள் இதை பிரேக்கியல் பிளெக்சஸ் என்பார்கள். தமிழில் புய நரம்புப் பின்னல் எனலாம். தோளைத் தூக்குவது முதல் விரலை மடக்குவது வரை எல்லாம் இதன் தயவு. இது அறுந்தால் என்ன ஆகும் என்பது படங்கள் வருவதற்கு வெகு முன்பே தெரியும். பிரான்சின் டியூஷேன் 1872-லும் ஜெர்மனியின் எர்ப் 1874-லும் மேல் வேர்கள் பழுதானால் கை எப்படித் தொங்கும் என்று எழுதினார்கள். கீழ் வேர்களின் பழுதை 1885-இல் விவரித்தவர் அகஸ்டா குளும்ப்கே. அப்போது அவர் பாரிஸில் மருத்துவ மாணவி. இவர்கள் யாரும் நரம்பைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்து நரம்பைக் கணித்தார்கள். 1947-இல் முதுகுத் தண்டின் உறைக்குள் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்து, வேர் பிய்ந்துபோன இடத்தில் சாயம் பை போலப் பிதுங்குவதைக் காட்டினார்கள். அதுவும் வேரடியில் மட்டும்தான். எலும்புத் துளையைத் தாண்டி வெளியே வந்த நரம்புக்குப் படமே கிடையாது.

எம்.ஆர்.ஐ.யின் கதை பலருக்குத் தெரிந்ததே. அமெரிக்காவின் பால் லாட்டர்பர் 1973-இல் தண்ணீர் நிரம்பிய இரண்டு சிறு குழாய்களைப் படமாக்கினார். இங்கிலாந்தின் பீட்டர் மான்ஸ்ஃபீல்ட் படத்தை வேகமாக எடுக்க வழி சொன்னார். இருவருக்கும் 2003-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1971-இலேயே புற்றுக் கட்டியின் சிக்னல் வேறுபடுவதைச் சொன்ன டமாடியன் தன்னை விட்டுவிட்டார்கள் என்று நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார். நோபல் வரலாற்றில் இவ்வளவு செலவுசெய்து கோபப்பட்டவர் வேறு இருப்பதாகத் தெரியவில்லை. 1980-களில் இயந்திரம் மருத்துவமனைகளுக்கு வந்ததும் மூளை தெரிந்தது, தண்டுவடம் தெரிந்தது, முட்டி ஜவ்வும் தெரிந்தது. புய நரம்பு மட்டும் சரியாகத் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ. பிடிப்பது பெரும்பாலும் தண்ணீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜனின் சிக்னலை. கொழுப்பு அதில் பளீரென்று வெள்ளையாக விழும். நரம்போ சில மில்லிமீட்டர் தடிமன். கொழுப்புக்குள்ளேயே பொதிந்து ஓடுவது. வெண்ணெயில் விழுந்த வெள்ளை நூலை விளக்குப் போட்டுத் தேடி என்ன பயன்? வெளிச்சம் கூடக் கூட வெண்ணெய்தான் இன்னும் வெளுக்கும்.

ஆகவே வெண்ணெயைக் கறுப்பாக்க வேண்டும். அதற்கான முதல் கருவி லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில், நரம்பை நினைக்காமலேயே உருவானது. 1985-இல் கிரீம் பிடரும் இயன் யங்கும் விவரித்த ஸ்டிர் என்ற முறை அது. உடலின் ஹைட்ரஜன் காந்தங்களை ஒரு ரேடியோ துடிப்பால் தலைகீழாகப் புரட்டிவிடுவார்கள். அவை மெல்ல நிமிரும்போது கொழுப்பு ஒரு வேகத்திலும் தண்ணீர் வேறு வேகத்திலும் நிமிரும். கொழுப்பின் அளவு சரியாகப் பூஜ்யத்தைக் கடக்கும் நொடியில் சிக்னலை எடுத்தால் படத்தில் கொழுப்பே இருக்காது. அடுத்தது தசை. சிக்னலைச் சற்றுத் தாமதித்துக் கேட்டால் தசையின் ஒலி சீக்கிரம் அடங்கிவிடும். நரம்பு இழைகளுக்கு இடையே உள்ள நீர் இன்னும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருக்கும். லண்டனின் செயின்ட் ஜார்ஜஸ் மருத்துவப் பள்ளியில் ஃபிராங்க்ளின் ஹோவ், ஆரன் ஃபில்லர் முதலியோர் 1992-இல் இன்னொரு படி மேலே போனார்கள். நரம்புக்குள் நீர் நீளவாக்கில் சுலபமாக நகரும், குறுக்கே நகராது. இரு திசையிலும் எடுத்த படங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் நரம்பு மட்டும் மிஞ்சும். அவர்கள் படம் பிடித்தது முயலின் முன்னங்காலை, அதாவது முயலின் ‘கை’யை. மறுவருடம் லான்செட் இதழில் வந்த கட்டுரையோடு நியூரோகிராஃபி மருத்துவ உலகுக்கு அறிமுகமானது.

இங்கே ஒரு மறுப்பு வரும். 1980-களிலேயே புய நரம்புப் பின்னலை எம்.ஆர்.ஐ.யில் பார்த்தார்களே, பிறகென்ன 1992? பார்த்தார்கள், உண்மை. ஆனால் பெரும்பாலும் அயலாரைத்தான் பார்த்தார்கள். நரம்பை அழுத்தும் கட்டி தெரியும். நரம்பு ஓட வேண்டிய வழி தெரியும். நரம்பு வீங்கியிருக்கிறதா என்று கேட்டால் பதில் வராது. இன்னொரு மறுப்பு கனமானது: கொழுப்பை அழித்தது ஒருவர், நீரோட்டத்தை அளந்தது இன்னொருவர்; எல்லாம் பிறர் சரக்கு, கோத்ததற்கா கண்டுபிடிப்பு என்று பெயர்? இதே கேள்வி நீதிமன்றமும் ஏறியது. 1996-இல் நியூரோகிராஃபிக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது, பிறகு இயந்திரக் கம்பெனிகளோடு வழக்குகள் நடந்தன. காப்புரிமையின் நியாயத்தை வக்கீல்களிடம் விட்டுவிடுகிறேன். ஆனால் எதை எதை அழித்தால் நரம்பு எஞ்சும் என்று முதலில் கேட்டது ஹோவ், ஃபில்லர் குழு. பூக்காரர் பூவைப் படைக்கவில்லை என்பதற்காக மாலை அவர் வேலை இல்லை என்று சொல்வோமா?

மூன்றாவது மறுப்பு மருத்துவர்களிடமிருந்தே வரும்: நரம்பில் மின்சாரம் ஓடுகிறதா என்று சோதித்தால் போதாதா? அந்தச் சோதனை இன்றும் தேவைதான். ஆனால் நரம்பு அறுந்ததைத் தசை ஊசிச் சோதனை முழுமையாகச் சொல்ல ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். வேர் தண்டுவடத்திலிருந்தே பிய்ந்துவிட்டால் உணர்வு நரம்பு தன் தாய் செல்லோடு சேர்ந்தே இருப்பதால், கை மரத்துக் கிடக்கும்போதும் மின்சாரச் சோதனையில் அது நலமாகவே இருக்கும்! இந்த வினோதத்தை வைத்தே தேர்ந்த டாக்டர் வேர் பிய்ந்ததை ஊகிப்பார். எத்தனை வேர், எந்த இடம், கொஞ்சமாவது ஒட்டியிருக்கிறதா என்பதற்குப் படம் வேண்டும். பைக்கிலிருந்து தோள் மோத விழுந்தவருக்கு நரம்பை ஒட்டலாமா, வேறு நரம்பைத் திருப்பிவிட வேண்டுமா என்ற முடிவு அதில் இருக்கிறது.

இந்தப் படத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. காந்தப் புலத்துக்குச் சுமார் 55 டிகிரி சாய்வில் ஓடும் நரம்பு, நோய் இல்லாமலே வெளுத்துத் தெரியும். புய நரம்புகள் சாய்ந்து ஓடுபவைதான். போதாததற்கு ஒல்லியான கழுத்து திடீரென்று அகன்ற தோளாகும் வளைவு, அருகே காற்று நிறைந்த நுரையீரல், விடாத மூச்சு. இவற்றால் காந்தப் புலம் கோணலாகி, அலைவரிசையை வைத்துக் கொழுப்பை அழிக்கும் முறைகள் இங்கே சொதப்பும். நிமிரும் நேரத்தை நம்பும் பழைய ஸ்டிர் இங்கே இன்னும் மவுசு குறையாமல் இருப்பதற்கு இதுவே காரணம். 2008-இல் டாரோ டகஹாரா குழுவினர் நீரின் நகர்வை வைத்தே பின்னல் முழுவதையும் ஒரே படத்தில் காட்டியபோதும், பின்னணியை அழிக்கத் துணைக்கு வந்தது ஸ்டிர்தான்.

கேட்ட உங்களுக்கு நடைமுறையில் ஒன்று: ‘சர்வைக்கல் ஸ்பைன்’ எம்.ஆர்.ஐ. என்பது கழுத்து எலும்பையும் தண்டுவடத்தையும் பார்ப்பது. தோளுக்குப் போகும் பின்னல் அதில் முழுதாக அடங்காது. டாக்டர் சீட்டில் ‘பிரேக்கியல் பிளெக்சஸ்’ என்று எழுதியிருக்கிறதா என்று, ஸ்கேனுக்குப் பணம் கட்டும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.