தூண்டில் நூலும் முறுக்கு விசையும்

சத்தியமங்கலத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் மாட்டுக்குக் கயிறு திரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு புரிகளையும் ஒரே பக்கமாக முறுக்குவார்கள். பிறகு அவற்றைச் சேர்த்து எதிர்ப்பக்கமாகச் சுற்றவிடுவார்கள். கையை எடுத்தாலும் கயிறு பிரிவதில்லை. ஏன்?

முறுக்கேறிய ஒவ்வொரு புரியும் பழைய நிலைக்கு மீள முயல்கிறது. இரண்டும் சேர்ந்து மீளும்போது ஒன்றையொன்று எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொள்கின்றன. இந்தச் சுற்றைப் பிரிக்க வேண்டுமானால் புரிகளை மறுபடியும் முறுக்கியாக வேண்டும். இவ்வாறு இரு திருப்புவிசைகளும் சமனாகி நிற்பதே கயிற்றின் உறுதிக்குக் காரணம்.

இதே தத்துவம் தூண்டிலிலும் பயன்படுகிறது. ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரி ஓடைகளில் ட்ரௌட் என்னும் மீனினம் கொண்டுவந்து விடப்பட்டது. அம்மலை நீர்தான் மோயாறாகவும் பவானியாகவும் இறங்கி, 1955-இல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையில் கூடுகிறது. ட்ரௌட்டைப் பிடிக்க இறகாலும் நூலாலும் செய்த பொய்ப்பூச்சியை வீசுவார்கள். பூச்சிக்கு எடையே இல்லை எனலாம். ஆகவே கனத்த கயிற்றை வீசி, அதன் நுனியில் மெல்லிய முன்நூலைக் கட்டுகிறார்கள். இந்த முன்நூலை வீட்டிலேயே முறுக்கிச் செய்யலாம்.

முன்நூல் அடியில் தடித்தும் நுனியில் மெலிந்தும் இருக்கவேண்டும். ஒவ்வொரு புரியிலும் அடியில் 6, நடுவில் 4, நுனியில் 2 இழைகள் வைத்தால், முறுக்கிய நூலில் அவை முறையே 12, 8, 4 ஆகும். நுனியில் நிறை மூன்றில் ஒரு பங்கு. அதே இயக்க ஆற்றல் நுனியை அடைந்தால், திசைவேகம் √3, அதாவது 1.7 மடங்கு ஆகவேண்டும். காற்றின் தடை அதில் ஒரு பகுதியைக் குறைத்துவிடும். சாட்டையின் நுனி சொடுக்குவதும் இதனால்தான்.

எந்த இழையைத் தேர்ந்தெடுப்பது? தங்கூஸ் என்று நாம் அழைக்கும் நைலான் நரம்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.14 கிராம். அது நன்றாக நீளும். மீனின் திடீர் இழுப்பைத் தாங்கும். ஆனால் நனைந்தால் வலு சற்றுக் குறையும். சுருளில் கிடந்த வளைவையும் எளிதில் மறக்காது. பாலியெஸ்டர் தையல் நூலின் அடர்த்தி 1.38. அது நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும்; அதிகம் நீளாது; மென்மையாகப் படியும். பருத்தி நனைந்தால் வலுக்கூடும். ஆனால் நீர் குடித்துக் கனக்கும், ஈரத்தில் மட்கும். பாலித்தீன் இழை நீரைவிட இலேசானது, மிதக்கும். ஆனால் வழுக்குவதால் முடிச்சு நழுவும்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். மூன்று வகை நூலிலும் 2 மீட்டர் எடுங்கள். ஒரு முனையை ஆணியில் கட்டி, மறுமுனையைப் பென்சிலில் கட்டி 200 சுற்று முறுக்குங்கள். நடுவில் ஒரு சாவியைத் தொங்கவிட்டு, இரு முனைகளையும் சேர்த்துப் பிடியுங்கள். சாவி எத்தனை சுற்று சுழல்கிறது, நூல் எவ்வளவு குட்டையாகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பத்து நிமிடம் நீரில் ஊறவைத்து உதறுங்கள். இழைகளின் இடுக்கில் நுண்புழைக் கவர்ச்சியால் தங்கிய நீர் சிதறுவதைக் காண்பீர்கள். ஓடையில் இந்தத் தூறலே மீனை விரட்டிவிடும். மெழுகு தடவினால் நீர் உள்ளே புகாது. நீரைவிடக் கனமான நூலும் பரப்பு இழுவிசையால் மேலேயே கிடக்கும்.

முதன்முதலில் நான் செய்தபோது, இருப்பதில் வலுவான நரம்பையே நுனிவரை வைத்தேன். முள் பாறையில் சிக்கியது. இழுத்தபோது முன்நூல் முழுவதுமே அறுந்து ஆற்றோடு போயிற்று. நுனியில் வலுக்குறைந்த சிறு துண்டு ஒன்றைக் கட்டியிருந்தால் அது மட்டுமே அறுந்திருக்கும். மின்சுற்றில் உருகி செய்யும் வேலையும் இதுதானே! நைலான் எளிதில் மட்காது. ஆற்றில் விட்ட நரம்பு நீர்ப்பறவையின் காலில் பல ஆண்டுகளுக்குப் பிறகும் சுற்றக்கூடும். ஆகவே வெட்டிய துண்டுகளை வீட்டுக்கே கொண்டுவாருங்கள். நம் காடு 2013 முதல் புலிகள் காப்பகம் என்பதையும் மறவாதீர்கள். சோதனைக்கு வீட்டு முற்றமே போதும்.

எல்லா வேலைக்கும் சிறந்த பொருள் என்று ஒன்று இல்லை. எங்கே வளையவேண்டும், எங்கே தாங்கவேண்டும், எங்கே அறவேண்டும் என்று முதலில் கேளுங்கள். பொருள் தானே கிடைக்கும்.