மிளகு மூட்டையோடு இறங்கியவர் யார்?

காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி எழுதாத சுற்றுலாக் கட்டுரை இல்லை. அந்த வளைவுகளில் அடிபட்டவர்கள் அப்புறம் என்ன ஆனார்கள் என்று யாரும் எழுதுவதில்லை. கொல்லிமலையில் பல வருஷம் பிக்கப் ஓட்டியவன் நான். இப்போது ஸ்டியரிங்கை விட்டாயிற்று. அடிபட்ட குடும்பங்களோடு நாமக்கல் கோர்ட்டுக்கும் மலைக்கும் அலைவதே பாதி வேலை. வக்கீல் செய்வது வேறு. வக்கீலைப் பார்ப்பதற்கு முன்னால் நாம் செய்ய வேண்டியதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஓட்டுவதைப் பற்றி முதலில் கொஞ்சம். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பத்து வளைவு தாண்டுவதற்குள் பிரேக் சூடேறித் தீய்ந்த வாடை வரும், பெடல் பஞ்சுபோல அமுங்கும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இரண்டு பேராக வருகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதில் இன்ஜின் பெரிதாகப் பிடித்துக் கொடுக்காது, மலை முழுக்கப் பிரேக்கை நம்பியே இறங்க வேண்டும். நடுநடுவே நிறுத்தி ஆறவிடுவதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. இரண்டு வண்டி போக அகலம் பற்றாத மலைப்பாதையில் இறங்குகிறவர்தான் நின்று வழிவிட வேண்டும் என்று 2017-ம் வருஷத்து ஓட்டுநர் ஒழுங்குமுறை விதிகள் சொல்கின்றன. ஏறுகிறவருக்கு முன்னுரிமை உண்டு என்பதற்காக, வளைவை வெட்டி எதிர்ப்பக்கம் ஏறி வர அவருக்கு உரிமை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மலையேறும் கார்களில் பாதி இதைத்தான் செய்கின்றன.

என் மாமா அப்படி வந்த ஒரு காரால்தான் காலை உடைத்துக்கொண்டார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. மிளகு பறித்து, காயவைத்து, மூட்டை கட்டி, மூட்டைக்கு இவ்வளவு என்று வாடகை பேசி ஒரு பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு மண்டிக்கு இறங்கினார். டிரைவருக்குப் பக்கத்தில் கேபினில் உட்கார்ந்திருந்தார். பின்னால் மூட்டைகளின் மேல் இன்னும் இரண்டு பேர். ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், இன்னொருவர் கல்யாணத்துக்கு. பஸ் தவறினால் நம் மலையில் வேறென்ன வழி? வளைவில் மேலே வந்த கார் எதிர்ப்பக்கம் ஏறி உரச, பிக்கப் தடுப்புச் சுவரில் மோதிச் சாய்ந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது மாமா ரோட்டோரம் படுத்திருந்தார். கேட்ட முதல் கேள்வி: "மாப்ளே, மூட்டை பத்திரமா கெடக்குதா?"

மூட்டைகள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் நீலப் பெயிண்டில் அவர் பெயரின் முதலெழுத்து. வண்டிகளை நகர்த்துவதற்கு முன் நான் போனில் படம் எடுத்தேன். இரண்டு நம்பர் பிளேட்டும், சாலையில் டயர் இழுத்த கோடும், பிக்கப் பம்பரில் ஒட்டியிருந்த காரின் வெள்ளைப் பெயிண்டும், அந்த நீல எழுத்தும் படத்தில் வந்தன. பிற்பாடு வழக்கில் அதிகம் பேசப்பட்டது அந்த நீல எழுத்துதான்.

காரணம் இது. சரக்கு வண்டியில் ஏறிப் போகிறவர்களுக்கு அந்த வண்டியின் இன்சூரன்ஸ் பணம் தராது என்று 2002-ல் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காசு கொடுத்து ஏறினாலும் சரி, ஓசியில் ஏறினாலும் சரி. ஒரே விலக்கு, சரக்கின் சொந்தக்காரரோ அவர் அனுப்பிய ஆளோ சரக்கோடு போவது. 1994-ல் சட்டத்தைத் திருத்திச் சேர்த்தது அது. அவர்கூட கேபினில்தான் இருக்க வேண்டும் என்று பிறகு வந்த தீர்ப்புகள் சொல்கின்றன. ஆக, ஒரே வண்டியில் வந்த மூன்று பேரில் மாமாவுக்குப் பிக்கப்பின் இன்சூரன்ஸ் உண்டு, மூட்டை மேல் உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்கு இல்லை. நம் மலையில் இது எத்தனை பேருக்குத் தெரியும்? வண்டி வைத்திருப்பவர்களுக்கே தெரியாது. சரக்கோடு போகிறவர் கேபினில் உட்காருங்கள், மூட்டையில் அடையாளம் எழுதுங்கள், பழைய மண்டிச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். சரக்கு உங்களுடையது என்பதற்கும், வருஷத்துக்கு எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள் என்பதற்கும் அந்தச் சீட்டுதான் சாட்சி. சம்பளச் சீட்டு இல்லாத விவசாயிக்கு வேறு எதைக் காட்ட முடியும்?

அந்த இரண்டு பேரும் கைவிடப்பட்டார்களா? இல்லை. இரண்டு வண்டியின் தவறும் சேர்ந்து மூன்றாம் ஆள் அடிபட்டால், யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம், பங்கு பிரிப்பது அவர்கள் பாடு என்று 2015-ல் கென்யெய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அவர்கள் காரின் இன்சூரன்ஸ் மேல் மனுப் போட்டார்கள். ஆனால் அதற்கு, விபத்தில் கார் இருந்தது என்று தாளில் இருக்க வேண்டும்.

தாளில் இல்லை. கீழே ஒரு மருத்துவமனையில் சேர்த்தபோது, கூட வந்தவர் பதற்றத்தில் "வண்டி கவுந்துருச்சுங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். விபத்துப் பதிவேட்டில் 'பிக்கப் கவிழ்ந்து காயம்' என்று ஏறிவிட்டது. கார் காணாமல் போனது. ஏ.ஆர். காப்பி என்று சொல்வார்களே, அந்த ஒற்றைத் தாளைத்தான் இன்சூரன்ஸ் வக்கீல் முதலில் நீட்டுவார். டூட்டி டாக்டரிடம் பணிவாகக் கேட்டு, மாமா நினைவோடு சொன்னதைத் தனியாகக் குறிக்க வைத்தோம். எந்த வண்டி, எந்தப் பக்கமிருந்து வந்தது, யார் எங்கே உட்கார்ந்திருந்தார் என்ற மூன்றையும் முதல் ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிடுங்கள். பைக்கில் அடிபட்டவருக்கு 'தானாக விழுந்தார்' என்று எழுதிவிட்டால் பிறகு அதைத் துடைப்பது பெரும்பாடு.

சிகிச்சைச் செலவைப் பற்றிப் பயந்து யாரும் தாமதிக்க வேண்டாம். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தொடங்கியபோது உச்சவரம்பு 1 லட்சம் ரூபாய். வெளி மாநிலத்துக்காரருக்கும் பொருந்தும். 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில் 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை. தூக்கிக்கொண்டு போகிறவரை யாரும் பிடித்து வைக்க முடியாது. பெயர், முகவரி சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு அவரைக் காக்கிறது.

அடுத்தது போலீஸ். சாலையிலேயே காரில் வந்தவர்கள் கொஞ்சம் பணத்தை எடுத்து நீட்டினார்கள். "கேஸெல்லாம் எதுக்குங்கண்ணா, பேசி முடிச்சுக்கலாம்." பிக்கப் டிரைவர் தயங்கினார். எலும்பு எத்தனை இடத்தில் உடைந்திருக்கிறது என்று எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்னால் எதைப் பேசி முடிப்பது? நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தால் அதோடு திரும்பி வராதீர்கள். அது மனு வாங்கியதற்கான அத்தாட்சி, வழக்கு இல்லை. எஃப்.ஐ.ஆர். வேண்டும், அதன் நகல் உங்களுக்கு இலவசம். எல்லை எங்களுடையது இல்லை என்று சொன்னாலும் பதிந்து மாற்றி அனுப்பச் சட்டத்தில் இடமிருக்கிறது. 2024 ஜூலை முதல் நடந்த விபத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவுகள்: கண்மூடித்தனமாக ஓட்டியதற்கு 281, கவனக்குறைவால் மரணம் என்றால் 106(1), 5 ஆண்டு வரை சிறை. ஆனால் கிரிமினல் வழக்கு தனி, இழப்பீடு தனி. ஓட்டியவர் விடுதலையானாலும் இழப்பீடு கிடைக்கும். இதைக் குழப்பிக்கொண்டு, தண்டனை வரட்டும் என்று காத்திருந்து காலத்தைத் தவறவிட்டவர்கள் உண்டு.

காலம் என்றால் 6 மாதம். 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். இதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன. அவை முடியும்வரை காலதாமதத்தைக் காட்டி மனுக்களைத் தள்ளக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. அதை நம்பித் தூங்காதீர்கள். அதே 2022 விதிகளின்படி போலீஸார் 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாளில் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். உங்கள் உரிமைகளை எழுதிய படிவத்தை 10 நாளில் உங்கள் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லையா? எழுத்தில் கேளுங்கள். மனுவை விபத்து நடந்த ஊரிலும் போடலாம், நீங்கள் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். மலைக்குச் சுற்றிப் பார்க்க வந்து அடிபட்ட சென்னைக்காரர் நாமக்கல்லுக்கு அலைய வேண்டியதில்லை.

இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி என்றால், மலையிலிருந்து இறங்கும் பெரிய வழிகள் காரவள்ளியும் முள்ளுக்குறிச்சியும்தான். கேமராப் பதிவுகள் சீக்கிரம் அழிந்துபோகும், அன்றைக்கே ஸ்டேஷனில் எழுதிக் கொடுங்கள். வண்டி கிடைக்கவே இல்லையென்றால் 2022 திட்டப்படி மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். வண்டி தெரிந்து, தவறு யாருடையது என்று நிரூபிக்க முடியாமல் போனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ம் பிரிவில் மரணத்துக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும். இவை குறைந்தபட்ச வழிகள். தவறை நிரூபிக்க முடிகிறவர் 166-ம் பிரிவுக்குத்தான் போக வேண்டும்.

அதில் கணக்கு எப்படி வருகிறது? 38 வயதுக்காரர், சொந்தத் தொழில், மாதம் 15,000 ரூபாய் சம்பாத்தியம், நம்பியிருப்பவர் நான்கு பேர், அவர் இறந்துவிட்டார் என்று வையுங்கள். 2017 பிரணய் சேத்தி தீர்ப்பின்படி எதிர்கால வருமானத்துக்காக 40 சதவீதம் கூட்டினால் 21,000. அவருடைய சொந்தச் செலவுக்கென்று கால் பங்கு போனால் 15,750. வருஷத்துக்கு 1,89,000. அந்த வயதுக்கு 2009 சரளா வர்மா தீர்ப்பு வைத்த பெருக்கெண் 15. ஆக 28,35,000 ரூபாய்; மற்ற தலைப்புகள் இதற்கு மேல். ரோட்டில் நீட்டிய நோட்டுக் கட்டை இதோடு வைத்துப் பாருங்கள்.

மாமாவுக்கு மருத்துவக் குழு கொடுத்த ஊனச் சதவீதம் குறைவாகத்தான் இருந்தது. ஆனால் மிளகு தரையில் காய்ப்பதில்லை; சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த கொடியில், ஒற்றை மூங்கில் ஏணி சாத்தி ஏறிப் பறிக்க வேண்டும். கணுக்கால் மடங்காதவர் ஏணியில் எப்படி நிற்பார்? உடம்பில் எத்தனை சதவீதம் என்பதைப் பார்க்காமல், பிழைப்பில் எத்தனை சதவீதம் போனது என்று பார்க்கச் சொல்கிறது 2010 ராஜ்குமார் தீர்ப்பு. சாட்சிக் கூண்டில் மாமா ஏணியைப் பற்றித்தான் அதிகம் பேசினார். மக்கள் நீதிமன்றத்தில் இன்சூரன்ஸ் தரப்பு தொகையை உயர்த்தியதும் அதற்குப் பிறகுதான். அங்கே ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அப்பீல் கிடையாது, இரண்டு பக்கத்துக்கும். அதனால் தொகையைக் கேட்டதும் தலையாட்டாமல், வெளியே வந்து வீட்டாரோடு பேசிவிட்டுப் போனோம்.

பைக் ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று. வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால், உங்கள் தவறால் பின்னால் உட்கார்ந்தவர் அடிபட்டாலும் அந்தப் பாலிசி அவருக்கு உதவாது. முழுப் பாலிசி எடுத்தால்தான் அவருக்கும் காப்பு. சொந்த வண்டியை ஓட்டும் உங்களுக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பையும், கொஞ்சம் காசு மிச்சம் என்று ஏஜென்ட் அடித்துவிடப் பார்ப்பார். விடாதீர்கள்.

கடைசியாக வக்கீல். ஆஸ்பத்திரி வார்டுக்கே வந்து வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கும் புரோக்கர்களைத் திருப்பி அனுப்புங்கள். கிடைக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று ஃபீஸ் பேசுவதை பார் கவுன்சில் விதிகளே தடுக்கின்றன. பழங்குடியினருக்கும் பெண்களுக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், 1987 சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் கீழ் இலவசமாக வக்கீல் கிடைப்பார். மலையில் பெரும்பாலானவர்கள் மலையாளிப் பழங்குடியினர், சாதிச் சான்றிதழ் கையில் இருந்தால் போதும். 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம், இல்லையென்றால் நாமக்கல் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் நேரில் மனுக் கொடுக்கலாம். போகும்போது அடிபட்டவர் பெயரிலேயே வங்கிக் கணக்குப் புத்தகம் எடுத்துப் போங்கள். ஆதாரில் ஒரு எழுத்தும் பாஸ்புக்கில் ஒரு எழுத்தும் மாறியிருந்தால் முன்கூட்டியே திருத்திவிடுங்கள். உத்தரவு வந்த பிறகும் மாமாவின் பணம் இதற்காகவே சில வாரம் நின்றது.