எப்.ஐ.ஆரில் நமது பெயர் தவறாக வந்துவிட்டால்...

மரக்காணம் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்கு வருடக் கணக்கே உப்பை ஒட்டியதுதான். வெயில் இருக்கும் வரை உப்பளத்தில் வேலை, கையில் கூலி, நமது கல்லாவில் ரொக்கம். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் பாத்தியில் தண்ணீர் நிற்கும், கூலியும் நிற்கும், பற்று நோட்டு தடிக்கும். ஊரில் ஏதாவது மனஸ்தாபம் வந்தால் அது வெடிக்கிற இடமும் பெரும்பாலும் நமது கடை வாசல்தான்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். வாசலில் லாரி நிறுத்தியது பற்றிப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் டிரைவருக்கும் வாய்த்தகராறு. நாலு பேர் சேர்ந்து கைகலப்பாகி, ஒருவருக்குத் தலையில் தையல். நமது மளிகைக் கடைக்காரர் அந்த நேரம் திண்டிவனத்தில் சரக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார். மறுநாள் காலையில் தெரிந்த ஒருவர் வந்து, "அண்ணே, உங்க பேரும் எப்.ஐ.ஆர்ல இருக்கு, தெரியுமா?" என்கிறார்.

இது எப்போதும் பகையால் வருவதல்ல. அடிபட்டவர் ஆஸ்பத்திரியில் படுத்தபடி புகார் சொல்கிறார். அங்கே நின்றவர்களில் அவர் நினைவுக்கு முதலில் வருவது ஊருக்கெல்லாம் தெரிந்த பெயர், அதாவது கடைக்காரர் பெயர். கடைப் பையன் நின்றிருந்தால் "கடைக்காரர்" என்று சொல்லியிருப்பார். அண்ணன் நின்றிருந்தால் தம்பி பெயர் விழுந்திருக்கும். தகப்பனார் பெயர் தெரியாமல் எழுதும்போது ஒரே பெயருள்ள இருவரில் ஒருவர் மாட்டிக்கொள்வதும் உண்டு.

கூட்டம் பெரிதானால் இந்த ஆபத்தும் பெரிது. 2013 ஏப்ரல் 25-ல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தில் நடந்த மோதலையும், அதில் இருவர் உயிரிழந்ததையும் நமது பகுதி மறக்கவில்லை. அந்த வழக்குகளின் நியாய அநியாயம் இந்தப் பக்கத்தின் வேலையல்ல. அப்படிப்பட்ட நாளில் யார் எங்கே நின்றார் என்பதை ஒரு சாட்சியின் கண் மட்டும் சரியாகச் சொல்வது கடினம் என்பதற்காகவே குறிப்பிடுகிறோம். சுப்ரீம் கோர்ட் 1964-லேயே மசால்டி வழக்கில் இதைக் கவனித்தது. உத்தரப்பிரதேச கிராமம் ஒன்றில் இரு கோஷ்டிகளுக்கிடையே நடந்த கொலைச் சம்பவம் அது. பலர் குற்றம்சாட்டப்பட்டு, பலர் பாதிக்கப்பட்டிருக்கும் வழக்கில், ஒருவரைப் பற்றி இரண்டு மூன்று சாட்சிகளாவது ஒரே மாதிரி சொன்னால்தான் தண்டிக்கலாம் என்ற அளவுகோலை அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது.

ஆனால் அது விசாரணை முடிவில் கிடைக்கும் நிம்மதி. அதுவரை திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் வாய்தா வாய்தாவாக நடக்க வேண்டும். கோர்ட்டில் கிரிமினல் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் மறுக்க 1967-ஆம் வருட பாஸ்போர்ட் சட்டத்தின் 6-வது பிரிவில் இடம் உண்டு. ஆகவே குற்றப்பத்திரிகை போவதற்கு முன்புள்ள நாட்களே நமக்கு முக்கியம்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைச் சொல்லியாக வேண்டும். "பெயரை எடுத்துவிடுகிறேன், இவ்வளவு கொடுங்கள்" என்று யாராவது தூது வந்தால் நம்பாதீர்கள். பதிவான எப்.ஐ.ஆரிலிருந்து ஒரு பெயரை அழிக்க ஸ்டேஷனில் எவருக்கும் அதிகாரம் இல்லை. புலன்விசாரணையில் ஆதாரம் இல்லை என்று தெரிந்தால், இறுதி அறிக்கையில் அந்தப் பெயரைச் சேர்க்காமல் விடலாம். அவ்வளவுதான் வழி. அதற்கான ஆதாரத்தை அதிகாரியின் கையில் எழுத்தில் கொண்டு சேர்ப்பதுதான் நாம் செய்ய வேண்டிய வேலை.

முதலில் எப்.ஐ.ஆர். நகலை வாங்குங்கள். குற்றம்சாட்டப்பட்டவர் நகல் பெறலாம் என்றும், பாலியல் குற்றம் போன்ற சிலவற்றைத் தவிர மற்ற எப்.ஐ.ஆர்.களை இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்றும் 2016-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. நகலில் சம்பவ நேரம், இடம், நமது தகப்பனார் பெயர், விலாசம், "மற்றும் சிலர்" என்ற வார்த்தை ஆகியவற்றை வக்கீலோடு உட்கார்ந்து படிக்க வேண்டும். எப்.ஐ.ஆர். இன்னும் போடப்படாமல் சி.எஸ்.ஆர். ரசீதோடு மனு விசாரணை நடக்கும் கட்டமானால் இன்னும் நல்லது. நமது விளக்கத்தை அப்போதே எழுதிக் கொடுத்துவிடலாம்.

அடுத்தது கடைக்குள்ளேயே இருக்கிறது. வேறு ஊர்க்காரருக்குக் கிடைக்காத சாட்சி வியாபாரிக்கு உண்டு. நாம் பொழுதெல்லாம் எழுதிக்கொண்டும் பில் போட்டுக்கொண்டும் இருப்பவர்கள். திண்டிவனத்து மொத்தக் கடையின் ஜி.எஸ்.டி. பில், இ-வே பில், கைபேசியில் பணம் அனுப்பிய நேரம், அந்தக் கடையின் கேமரா பதிவு ஆகிய ஒவ்வொன்றும் நாம் எங்கே இருந்தோம் என்று சொல்லும். குற்றம் நடந்தபோது வேறிடத்தில் இருந்தோம் என்பதைச் சாட்சியமாகக் காட்டச் சட்டம் இடம் தருகிறது. ஒழுங்காக எழுதி வரும் கணக்குப் புத்தகத்தின் பதிவையும் கோர்ட் கவனத்தில் எடுத்துக்கொள்ளும்.

இதில் கேமரா பதிவுதான் மிக அவசரம். பெட்டியில் இடம் நிறைந்ததும் பழைய பதிவு தானாக அழிந்து புதியது ஏறிவிடும். சில கடைகளில் ஒரு மாதம் நிற்கும், சிலவற்றில் பத்து நாள்கூட நிற்காது. ஆகவே அன்றைக்கே போய், பதிவை எடுத்து வைக்கும்படி கேட்டு, கடிதமும் கொடுத்து வாருங்கள். அந்தப் பதிவைக் கோர்ட்டில் காட்ட பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-வது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 65-பி என்று நாம் கேள்விப்பட்டதுதான் இது.

ஓர் எச்சரிக்கை. கணக்குப் புத்தகத்தில் பிறகு ஒரு வரிகூடச் சேர்க்காதீர்கள். நிரபராதி ஒருவர் தன் நோட்டைத் திருத்தினால் அது பொய்ச் சாட்சியம் உருவாக்கிய குற்றமாகும். அடிதடி வழக்கைவிட அது பெரிய வழக்கு.

இவற்றின் நகல்களோடு, நடந்ததைத் தேதி நேரத்துடன் ஒரு பக்கத்தில் எழுதி இன்ஸ்பெக்டருக்குக் கொடுங்கள். டி.எஸ்.பி.க்கும் எஸ்.பி.க்கும் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அசல்கள் நம்மிடமே இருக்கட்டும். புகார்தாரர் நம்மை முன்பின் அறியாதவரானால் அடையாள அணிவகுப்பு நடத்தும்படியும், நமது கைபேசி எந்த டவரில் இருந்தது என்று கம்பெனியிடம் கேட்கும்படியும் அதே மனுவில் கோரலாம்.

கடையைப் பூட்டிவிட்டு மாமனார் ஊருக்குப் போய்விடுவது நம்மவர்களின் பழைய வழக்கம். தலைமறைவு என்று எழுத அது ஒன்றே போதும். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடப்பில் உள்ளது. அதன் 35-வது பிரிவின்படி, கைது தேவையில்லை என்று கருதும்போது போலீசார் ஆஜராகும்படி நோட்டீஸ் தர வேண்டும். நோட்டீஸை மதித்து நடப்பவரைக் காரணம் எழுதாமல் கைது செய்யக் கூடாது. ஏழு வருடம் வரை தண்டனையுள்ள குற்றங்களில் யோசிக்காமல் கைது செய்யக் கூடாது என்று அர்னேஷ் குமார் வழக்கில் 2014-லேயே சுப்ரீம் கோர்ட் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. மூன்று வருடத்துக்குக் குறைவான தண்டனையுள்ள குற்றமாக இருந்து, நமக்கு அறுபது வயது தாண்டியிருந்தால், கைதுக்கு டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். பிரிவு கடுமையானதென்றால் வக்கீல் மூலம் முன்ஜாமீனுக்குப் போவதே சரி. விசாரணையில் நாம் சொல்வதைப் போலீசார் எழுதிக்கொள்ளலாம், அதில் நமது கையெழுத்து தேவையில்லை. வெற்றுத் தாளில் ஒருபோதும் கையெழுத்திடாதீர்கள்.

பக்கத்து வீட்டாரோடு சமாதானம் பேசலாமா என்று கேட்பீர்கள். பேசலாம், நாளை அவரும் நம்மிடம்தான் அரிசி வாங்கப்போகிறார். ஆனால் ராஜிப் பத்திரத்தில் "நான் அடித்தது தவறு" என்கிற வாசகம் நுழைந்துவிடக் கூடாது. "இவர் பெயரைத் தவறுதலாகச் சொல்லிவிட்டேன்" என்று புகார்தாரர் விசாரணை அதிகாரியிடமே சொல்வதுதான் நமக்கு உதவும். ஐகோர்ட்டில் வழக்கை ரத்து செய்யக் கேட்பது பற்றியும் சிலர் ஆசை காட்டுவார்கள். நாம் அங்கே இருந்தோமா இல்லையா என்பது சாட்சிகளை விசாரித்து முடிவு செய்ய வேண்டிய விஷயம், கீழ்க் கோர்ட்டில் சொல்லிக்கொள்ளுங்கள் என்று ஐகோர்ட் திருப்பி அனுப்பவும் கூடும். செலவு செய்யும் முன் வக்கீலிடம் இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் குற்றப்பத்திரிகையில் பெயர் வந்துவிட்டால், மாஜிஸ்திரேட் கோர்ட்டின் வாரண்டு வழக்குகளில் ஆவண நகல்கள் கிடைத்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் விடுவிப்பு மனு போட வேண்டும். இந்தக் கெடு புதிய சட்டத்தில் வந்தது. பெயர் வராமல் தப்பினாலும் பில்களையும் பதிவுகளையும் தூக்கிப் போடாதீர்கள். விசாரணையின்போது சாட்சியத்தில் பெயர் வந்தால் 358-வது பிரிவின்படி கோர்ட் நம்மைப் புதிதாகச் சேர்க்க முடியும். அந்தக் கட்டை வழக்கு முடியும் வரை பீரோவிலேயே இருக்கட்டும்.