பேகன் பெற்ற அறிவுரை

பழனி பண்டைக் காலத்தில் பொதினி என வழங்கப்பெற்றது என்பர். அம்மலைநாட்டை ஆண்ட ஆவியர் குடித் தலைவன் வையாவிக் கோப்பெரும் பேகன். கடையெழு வள்ளல்களுள் ஒருவன். மயிலுக்குப் போர்வை ஈந்து புகழ்பெற்ற அவன், தன் மனைவி கண்ணகியைத் துறந்து, அவள் துயரை எண்ணாதிருந்தான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய புலவர்கள் அதனை அவனுக்கு எடுத்துரைத்தனர். பரணர் முதலிய மூவரும் பொருளை விரும்பாது, அவள் துயர் களைதலையே பரிசிலாக வேண்டினர். புறநானூற்றின் 143 முதல் 147 வரையுள்ள பாடல்கள் இதனை உணர்த்தும்.

பரிசில் பெற்றோர் கூறும் புகழ் மட்டும் தலைவனின் தகுதியை அளந்து காட்டாது. தன்னால் வாழ்ந்தோரை எண்ணுபவன், தன்னால் வாடினோரையும் எண்ணுதல் வேண்டும். குறையை அஞ்சாது உரைப்போரை அருகில் வைத்துக்கொள்பவனே நாளும் திருந்தி உயர்வான்.